பல ரக இசைக்கு ஒரே சிடி பிளேயர்: எதைப் பார்த்து வாங்குவது?

உயர்தர சிடி பிளேயரைக் கேட்டுப் பார்க்கப் போனால், விற்பவர் போடுவது பெரும்பாலும் ஒரே மாதிரியான சிடிதான். ஒரு பெண் குரல், ஒரு கிதார், பின்னால் மெதுவாக ஒரு டபுள் பேஸ். நன்றாகப் பதிவானது என்பதால் எந்த பிளேயரில் போட்டாலும் நன்றாகவே இருக்கும். அதனாலேயே அதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. பல ரகம் கேட்பவரின் அலமாரி வேறு மாதிரி. 1980-களில் வந்த, சத்தம் குறைவான ஆர்கெஸ்ட்ரா சிடி இருக்கும். 2000-க்குப் பிறகு சத்தத்தை உச்சம்வரை ஏற்றி மாஸ்டர் செய்த (அச்சுக்கு அனுப்புமுன் ஒலியை இறுதியாகச் சீரமைத்த) ராக் இருக்கும். மோனோ டேப்பிலிருந்து மாற்றிய பழைய கச்சேரி, இடைவெளியே இல்லாமல் ஓட வேண்டிய நேரடி நிகழ்ச்சி, நண்பர் எழுதிக் கொடுத்த சிடி-ஆர் என்று எல்லாம் கலந்துதான் இருக்கும்.

எனவே கேட்டுப் பார்க்கப் போகும்போது உங்களிடம் உள்ள தொல்லை பிடித்த சிடிக்களை எடுத்துப் போங்கள். மிகச் சிறந்த சிடி வீட்டிலேயே இருக்கட்டும். ராக்குக்கு ஒரு பிளேயர், செவ்வியல் இசைக்கு ஒரு பிளேயர் என்ற பேச்சையும் நம்ப வேண்டாம். தனக்கென்று ஒரு குரல் வைத்திருக்கும் பிளேயர் ஒரு ரகத்துக்கு அழகாகப் பொருந்தும், மற்ற நான்கு ரகத்தைக் கெடுக்கும். இந்தத் தேர்வில் முதலில் பார்க்க வேண்டியது சிடியைச் சுழற்றிப் படிக்கும் மெக்கானிசம், அடுத்தது ஒலி வெளியே வரும் அனலாக் பகுதி, பிறகு டிஜிட்டல் ஃபில்டர். டிஜிட்டல் எண்களை ஒலி அலையாக மாற்றும் டாக் சிப்பின் பெயர் கடைசியில்தான் வர வேண்டும். விளம்பரங்களில் இந்த வரிசை தலைகீழாக இருக்கும்.

சத்தமான சிடி ஏன் எரிச்சலூட்டுகிறது

1990-களின் பிற்பகுதியிலிருந்து பாப், ராக், திரைப்பாடல் சிடிக்கள் பலவற்றில் சத்தத்தை டிஜிட்டல் உச்சம்வரை ஏற்றியே மாஸ்டர் செய்தார்கள். சிடியில் நொடிக்கு 44,100 மாதிரிப் புள்ளிகள், ஒவ்வொன்றும் 16 பிட். புள்ளிகள் எல்லாம் உச்சத்துக்குள் அடங்கியிருந்தாலும், அவற்றை இணைத்து அலையை மீட்டெடுக்கும்போது இரண்டு புள்ளிகளுக்கு நடுவே அலை உச்சத்தைத் தாண்டிப் போகலாம். தாண்டல் 3 டெசிபல் வரைகூட எளிதாகப் போகும். புள்ளிகளுக்கு நடுவே புதிய புள்ளிகளைக் கணக்கிட்டு நிரப்பும் ஓவர்சாம்பிளிங் ஃபில்டரில் அதற்கு இடம் விட்டிருக்காவிட்டால் அலையின் தலை அங்கேயே வெட்டுப்படும். சிம்பலும் ஸ்நேரும் சேர்ந்து வரும் இடத்தில் கேட்கும் அந்தக் கண்ணாடித்தனமான கரகரப்பில் ஒரு பங்கு மாஸ்டரிங் செய்தவருடையது, மறு பங்கு பிளேயருடையது.

இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. பிளேயரிலோ தனிப் பெட்டியாக வரும் டாக்கிலோ டிஜிட்டல் வால்யூம் இருந்தால் 4 டெசிபல் குறைத்துவிட்டு, ஆம்பிளிஃபையரில் அதே அளவு ஏற்றிக் கேளுங்கள். கரகரப்பு தணிந்தால் குற்றவாளி ஃபில்டர். தணியாவிட்டால் சிடியிலேயே வெட்டுப்பட்டு வந்திருக்கலாம். ஆனால் சில வடிவமைப்புகளில் வால்யூம் ஃபில்டருக்குப் பின்னால் வரும், அங்கே இந்தச் சோதனை எதையும் சொல்லாது. பெஞ்ச்மார்க் நிறுவனம் தன் டாக்2, டாக்3 கருவிகளில் இதற்கென்றே 3.5 டெசிபல் இடம் விட்டு வடிவமைத்தது. பெரும்பாலான நிறுவனங்கள் இதைப் பற்றி வாயே திறப்பதில்லை. ஆகவே சத்தமான சிடி ஒன்றைக் கையோடு கொண்டுபோய், இருபது நிமிடம் உட்கார்ந்து, காது களைக்கிறதா என்று பார்ப்பதுதான் வழி. முதல் இரண்டு நிமிடத்தில் 'எவ்வளவு தெளிவு!' என்று தோன்றும் பிளேயர், இருபதாவது நிமிடத்தில் வால்யூமைக் குறைக்கச் சொல்லும்.

பழைய சிடிக்களும் ப்ரீ-எம்ஃபஸிஸும்

சிடி 1982-ல் சந்தைக்கு வந்தது. ஆரம்ப வருடங்களில் வந்த சிடிக்களில் ஒரு பகுதி, உயர் அதிர்வெண்களை வேண்டுமென்றே ஏற்றிப் பதிவு செய்து, பிளேயர் அதைத் திரும்ப இறக்கும் என்ற ஏற்பாட்டில் தயாரானது. இந்த ஏற்றத்தின் பெயர்தான் ப்ரீ-எம்ஃபஸிஸ். ஏற்றம் 10 கிலோஹெர்ட்ஸில் சுமார் 7.6 டெசிபல், 20 கிலோஹெர்ட்ஸில் சுமார் 9.5 டெசிபல். சிடியில் இருக்கும் ஒரு கொடி, அதாவது அடையாளக் குறி, பிளேயருக்கு இதைத் தெரிவிக்கும், பிளேயர் தானே இறக்கிக்கொள்ளும். ஒற்றைப் பெட்டி பிளேயர்களில் இதில் சிக்கல் வருவது அபூர்வம். சிடியைப் படித்துத் தகவலை மட்டும் அனுப்பும் டிரான்ஸ்போர்ட் ஒன்று, டாக் ஒன்று என்று பிரித்து வாங்குபவர்தான் மாட்டிக்கொள்கிறார். டிஜிட்டல் கேபிள் வழியாகக் கொடி போனாலும், அதைக் கண்டுகொள்ளாத டாக்குகள் உண்டு. விளைவாக 1984-ல் அச்சான ஒரு வயலின் சிடி மட்டும் தகரத்தில் கீறுவது போல ஒலிக்கும், மற்றதெல்லாம் சரியாக இருக்கும். 'ஆரம்பகால சிடி அப்படித்தான்' என்று அதைத் தூக்கிப் போட்டவர்கள் நிறையப் பேர். சில சிடிக்களில் இந்தக் கொடி பொருளடக்கப் பகுதியில் இல்லாமல் பாட்டோடு ஓடும் துணைத் தகவலில் மட்டும் இருக்கும். கணினியில் நகலெடுக்கும் மென்பொருள்கள் அதைத் தவறவிடுவது அதனால்தான். உங்களிடம் 1980-களின் சிடிக்கள் அதிகம் இருந்தால், தனி டாக் வாங்குமுன் இந்த ஒரு கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள்.

கச்சேரியும் ஆர்கெஸ்ட்ராவும் எதைக் காட்டிக்கொடுக்கும்

16 பிட்டில் கோட்பாட்டளவில் கிடைக்கும் வீச்சு சுமார் 98 டெசிபல். அதன் அடிமட்டத்தில் பிளேயர் எப்படி நடந்துகொள்கிறது என்பதை ஆர்கெஸ்ட்ரா இசையின் முடிவில் வரும் எதிரொலித் தேய்வில் கேட்கலாம். நல்ல பிளேயரில் அந்தத் தேய்வு படிப்படியாக அறையின் அமைதியோடு கலக்கும். மட்டமானதில் ஒரு கட்டத்தில் சட்டென்று அறுந்துபோகும், அல்லது மணல் உதிர்வது போல ஒரு இரைச்சல் ஒட்டிக்கொண்டு வரும்.

கர்நாடக இசைக்குத் தம்புராவைப் போல நல்ல சோதனை வேறில்லை. பாடகர் நிறுத்தும் இடைவெளியில் தம்புராவின் நாதத்தைக் கவனியுங்கள். நான்கு தந்திகளும் தனித்தனியாக மீட்டப்படுவது தெரிய வேண்டும், ஒவ்வொன்றின் மேல் ஸ்தாயி நாதங்களும் விரிந்து அடங்குவது கேட்க வேண்டும். எல்லாம் சேர்ந்து ஒரே 'ங்' என்ற ரீங்காரமாக வந்தால் அந்த பிளேயரின் அனலாக் பகுதியில் ஏதோ மழுங்கலாக இருக்கிறது. மிருதங்கத்தில் வலந்தலையின் சாப்பு கூராகவும், இடப்பக்கத் தொப்பியின் கும்கி இழைந்து வளைந்தும் வர வேண்டும். தொப்பி மொத்தமாக ஊதிப்போய் ஒலித்தால் பிளேயரைக் குறை சொல்வதற்கு முன் ஸ்பீக்கர் சுவரோடு ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். பேஸ் கூடுவதும் குறைவதும் பத்தில் ஒன்பது முறை அறையின் வேலை. சிடி பிளேயரை மாற்றி பேஸைச் சரிசெய்ய முயல்வது பணத்தை வீணடிப்பது.

மோனோ சிடி ஒன்றும் கொண்டுபோங்கள். இரண்டு ஸ்பீக்கருக்கும் சரி நடுவில், ஒரு ஆள் அகலத்துக்குமேல் போகாமல் குரல் நிற்க வேண்டும். ஸ்தாயி மாறும்போது குரல் இடம் வலமாக நகர்ந்தால் இரு சேனல்களும் சமமாக இல்லை என்று பொருள். ஸ்பீக்கரை இடம் மாற்றிப் போட்டும் அதே பக்கம் சாய்ந்தால் பிளேயரையோ ஆம்பிளிஃபையரையோ சந்தேகிக்கலாம்.

நேரடி நிகழ்ச்சி சிடியிலும், இயக்கங்கள் இடைவிடாமல் தொடரும் சிம்ஃபனியிலும் ஒரு டிராக்கிலிருந்து அடுத்ததற்குப் போகும் இடத்தைக் கேளுங்கள். சிடியில் இடைவெளியில்லா ஓட்டம் இயல்பாகவே உண்டு. ஆனால் டிஸ்கில் எழுதிய எம்பி3, ஃப்ளாக் கோப்புகளை ஓட்டும்போது அதே பிளேயர் திக்கலாம். இரண்டையும் தனித்தனியாகச் சோதியுங்கள்.

ஃபில்டர் தேர்வு

இப்போது வரும் பல பிளேயர்களில் இரண்டு முதல் ஆறு ஃபில்டர்கள் வரை தேர்ந்தெடுக்கலாம். செங்குத்தாக வெட்டும் லீனியர் ஃபேஸ் ஃபில்டர் 20 கிலோஹெர்ட்ஸ் வரை நேராகப் போகும், ஆனால் திடீர் ஒலிகளுக்கு முன்னும் பின்னும் மிக மெல்லிய அலைவைச் சேர்க்கும். மினிமம் ஃபேஸ் வகையில் முன்னால் வரும் அலைவு இல்லை, பின்னால் வருவது கூடும். மெதுவாகச் சரியும் வகை உச்ச அதிர்வெண்ணைக் கொஞ்சம் இழந்து அலைவைக் குறைக்கும். வேறுபாடுகள் நுட்பமானவை. கண்ணை மூடிக் கேட்டு உறுதியாகச் சொல்ல முடியாவிட்டால் செங்குத்து லீனியர் ஃபேஸிலேயே விட்டுவிடுங்கள், பல ரகத்துக்கும் அதுவே பத்திரம்.

ஃபில்டரே வேண்டாம், ஓவர்சாம்பிளிங்கே வேண்டாம் என்ற பள்ளியும் உண்டு. ஆடியோ நோட் யுகே அந்த வழியில் உறுதியாக நிற்கும் நிறுவனம். இந்த முறையில் திருத்தம் எதுவும் சேர்க்காவிட்டால் 10 கிலோஹெர்ட்ஸில் சுமார் 0.75 டெசிபலும், 20 கிலோஹெர்ட்ஸில் சுமார் 3.2 டெசிபலும் குறையும், இது கணக்கிலேயே அடங்கிய குறைவு. சிறிய ஜாஸ் குழுவுக்கும், தனிக் குரலுக்கும், கரடுமுரடான பழைய பதிவுக்கும் அந்த மென்மை சுகமாக இருக்கும். நூறு வாத்தியங்கள் சேர்ந்து முழங்கும் இடத்திலும், மின்னணு இசையின் அடர்த்தியிலும் வாத்தியங்களின் விளிம்புகள் ஒன்றோடொன்று கரையும். ஒரே ரகம் கேட்பவர் தாராளமாக வாங்கலாம். எல்லாம் கேட்பவருக்கு என் பரிந்துரையில் அது இல்லை.

மெக்கானிசம்

சிடி பிளேயர் ஒரு இயந்திரம் என்பதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். 780 நானோமீட்டர் அகச்சிவப்பு லேசர், 1.6 மைக்ரான் இடைவெளியில் சுற்றும் பள்ளங்களை, தொடாமல் படிக்கிறது. உள்விளிம்பில் நிமிடத்துக்குச் சுமார் 500 சுற்று, வெளிவிளிம்பில் சுமார் 200. பிலிப்ஸ் சிடி-ப்ரோ2 உயர்தர பிளேயர்களுக்கென்றே வந்த மெக்கானிசம், அதன் உற்பத்தி நின்றுவிட்டது. அதை நம்பி வாங்கிய பல விலையுயர்ந்த பிளேயர்களின் உரிமையாளர்கள் இன்று மாற்று லேசருக்கு அலைகிறார்கள். வாங்குமுன் விற்பவரிடம் எழுத்தில் கேட்க வேண்டியது இரண்டே கேள்வி: உள்ளே இருக்கும் மெக்கானிசத்தின் பெயர் என்ன, அதன் மாற்று உதிரி எத்தனை வருடத்துக்குக் கிடைக்கும். இதற்குச் சுற்றி வளைத்துப் பதில் வந்தால் மாடலை மாற்றிவிடுங்கள். இருபது வருடம் உழைக்க வேண்டிய பொருளில் டாக் பலகையை விடச் சீக்கிரம் சாவது லேசரும் சுழல் மோட்டாரும்தான்.

பிழைத்திருத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சிடியின் பிழைத்திருத்த முறை, தடத்தின் நீளத்தில் சுமார் 2.5 மில்லிமீட்டர் வரையான தொடர் இழப்பை முழுமையாக மீட்டுவிடும். அதற்குமேல் போனால் பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்து இட்டு நிரப்பும், அதுவும் முடியாதபோது ஒலியை அடக்கும். எனவே லேசான கீறல் உள்ள சிடி 'சற்று மங்கலாக' ஒலிக்கும் என்பது பெரும்பாலும் கற்பனை. திருத்தத்துக்குள் அடங்கினால் தகவல் அப்படியே வரும், அடங்காவிட்டால் டிக் என்று கேட்கும் அல்லது தாவும். நல்ல மெக்கானிசத்துக்கும் மட்டமானதற்கும் வித்தியாசம் தெரிவது இந்த எல்லைக்கோட்டில்தான்: வளைந்த சிடி, மையம் விலகி அச்சான சிடி, 80 நிமிடத்தைத் தொடும் சிடி, வெளிறிப்போன சிடி-ஆர்.

டியாக் நிறுவனத்தின் விஆர்டிஎஸ் அமைப்பு 1987-லிருந்து வருகிறது. உலோகத் தட்டு ஒன்று சிடியை அழுத்திப் பிடித்துக்கொண்டு சுழலும். லேசான வளைவு அந்த அழுத்தத்திலேயே நிமிர்ந்துவிடுவதால் லென்ஸ் மேலும் கீழும் ஆட வேண்டிய வேலை குறையும். டியாக்கின் உயர்நிலைப் பெயரான எசோடெரிக்கிலும் இதன் வளர்ந்த வடிவங்கள்தான். மேலிருந்து வைக்கும் வகையில் ட்ரேயும் பெல்ட்டும் இல்லை, ஆகவே கெட்டுப்போகும் பாகங்கள் குறைவு. ஆனால் தட்டின் மேல் கை நுழைந்து மூடி முழுதாகத் திறக்க இடம் வேண்டும். மூடிய அலமாரிக்குள் வைப்பவருக்கு அது ஆகாது. சில பிளேயர்களில் சிடியின் மேல் காந்தப் பிடிப்பான் ஒன்றைத் தனியாக வைக்க வேண்டும். அதைத் தொலைத்தால் பிளேயர் ஓடாது. துளை வழியே இழுத்துக்கொள்ளும் வகையை நான் தவிர்ப்பேன். 8 செ.மீ. சிடி அதில் சிக்கும். ஒரு பக்கம் சிடியும் மறுபக்கம் டிவிடியுமாக வந்த, 1.5 மில்லிமீட்டர் தடிமனுள்ள டுயல்டிஸ்க்கும் நெருக்கிப் பிடித்துக்கொள்ளும்.

2000-களின் தொடக்கத்தில் நகல்தடுப்போடு வந்த சில டிஸ்க்குகள் சிடியின் விதிகளை மீறியவை. கணினி டிரைவ் வகை மெக்கானிசத்தை உள்ளே வைத்திருக்கும் உயர்தர பிளேயர்கள் சில அவற்றைப் படிக்க மறுக்கும். உங்களிடம் அப்படி ஏதாவது இருந்தால் எடுத்துப் போங்கள்.

எஸ்ஏசிடி வேண்டுமா, இரட்டைப் பெட்டி வேண்டுமா

சிடியை விட நுட்பமான பதிவுக்காக 1999-ல் வந்த எஸ்ஏசிடி டிஸ்க்குக்கு 650 நானோமீட்டர் லேசர் வேண்டும், ஆகவே சிடி, எஸ்ஏசிடி இரண்டையும் படிக்கும் பிளேயரின் தலை சற்றுச் சிக்கலானது, மாற்றுவதும் கடினம். மேற்கத்திய செவ்வியலும் ஜாஸும் அதிகம் கேட்பவருக்கு எஸ்ஏசிடி இன்றும் கிடைக்கிறது, வாங்குவதில் அர்த்தம் உண்டு. திரையிசை, ராக், கர்நாடக இசை மட்டுமே என்றால் சிடி மட்டும் படிக்கும் பிளேயர் போதும். ஹைப்ரிட் எஸ்ஏசிடியின் சிடி அடுக்கை எந்த சிடி பிளேயரும் ஓட்டும் என்பதால் பெரிய இழப்பும் இல்லை.

டிரான்ஸ்போர்ட்டும் டாக்கும் தனித்தனியாக வாங்கலாமா? எஸ்ஏசிடியின் ஒலி சாதாரண கோஆக்ஸியல், ஆப்டிகல் டிஜிட்டல் இணைப்புகள் வழியே நகல்தடுப்பால் வெளியே வராது. பெரும்பாலும் அதே நிறுவனத்தின் சொந்த இணைப்பு இருந்தால்தான் வரும். வெறும் சிடி என்றால் பிரித்து வாங்குவதில் உண்மையான லாபம் ஒன்று இருக்கிறது. டாக் நல்லபடி இருக்கும்போது டிரான்ஸ்போர்ட் கெட்டால் அதை மட்டும் மாற்றினால் போதும். ஒலி தானாகவே உயரும் என்று எதிர்பார்க்காதீர்கள். ப்ரீ-எம்ஃபஸிஸ் பற்றி மேலே சொன்னதை மறக்கவும் வேண்டாம். கோஆக்ஸியல் என்றால் 75 ஓம் கேபிள், வேறு எதுவும் வேண்டாம்.

மாடல்கள்

பல ரகத்துக்கு முதல் பெயராக நான் சொல்வது மராண்ட்ஸ் எஸ்ஏசிடி 30என். டாக் சிப் வாங்கிப் போடாமல், வரும் ஒலியை ஒரு பிட் டிஎஸ்டியாக (எஸ்ஏசிடியில் பயன்படும் டிஜிட்டல் வடிவம்) மாற்றி, தனித்தனி பாகங்களால் ஆன ஃபில்டர் வழியே அனலாக் ஆக்குகிறது. இரண்டு ஃபில்டர்கள், எஸ்ஏசிடி, டிஜிட்டல் உள்ளீடுகள், ஹெட்ஃபோன், நெட்வொர்க் எல்லாம் ஒரே பெட்டியில். சத்தமான சிடிக்களிடம் பொறுமையாக நடந்துகொள்வது இதன் பெரிய பலம். குறை, நெட்வொர்க் பகுதி பிளேயரின் ஆயுளுக்கு முன்பே பழையதாகிவிடும் என்பது. அந்தப் பகுதிக்காக இதை வாங்காதீர்கள்.

சிடி மட்டும் போதும், ஆனால் சிடிக்கள் பழையவை, வளைந்தவை என்றால் டியாக் விஆர்டிஎஸ்-701. இதிலும் சிப் இல்லை, தனிப் பாகங்களால் ஆன டாக். டாக் ஏற்கனவே வைத்திருப்பவருக்கு 701டி என்ற டிரான்ஸ்போர்ட் வடிவமும் உண்டு. ஓட்டத்தில் நிதானமும் பேஸில் பிடிமானமும் உள்ள ஒலி. வயலினில் மராண்ட்ஸ் தரும் காற்றோட்டம் இதில் சற்றுக் குறைவு.

லக்ஸ்மேன் டி-03எக்ஸ் சிடியும், எம்கியூஏ என்ற சுருக்க முறையில் பதிவான சிடியும் படிக்கும், யுஎஸ்பி உள்ளீடும் உண்டு. நீண்ட நேரம் உட்கார்ந்து கேட்பவருக்கு ஏற்றது. ராக்கில் அடியின் கூர்மை போதவில்லை என்று சிலருக்குத் தோன்றும், எனக்கும் அப்படித்தான். அதற்குமேல் போனால் எஸ்ஏசிடியும் ஓட்டும் டி-10எக்ஸ், இந்தக் குறை எதுவும் இல்லாதது.

அக்யூஃபேஸ் டிபி-450 சிடி மட்டும். ஒலியில் மிகையே இல்லை. கேட்டதும் மயங்க வைக்காது, மாதக்கணக்கில் வைத்துக் கேட்டால் பிடிபடும். பழைய மாடல்களையும் தொடர்ந்து பழுதுபார்க்கும் நிறுவனம் என்ற நற்பெயர் இதற்கு உண்டு, மெக்கானிசம் பற்றிச் சொன்னதெல்லாம் நினைவிருந்தால் அதன் மதிப்பு புரியும். ஹேகல் வைக்கிங் இன்னும் ஒரு படி பிடிவாதமானது: சிடியைத் தவிர வேறு எதையும் படிக்காது. ரேகா சாட்டர்ன் எம்கே3 மேலிருந்து வைக்கும் வகை, உள்ளே இருக்கும் டாக்கைத் தனியாகவும் பயன்படுத்தலாம். தாளம் முன்னுக்கு வரும் இசையில் துடிப்பாக இருக்கும். எசோடெரிக் கே வரிசையும் டிசிஎஸ் ரோசினியும் இதற்கெல்லாம் மேலே. ரோசினியில் பல ஃபில்டர்களும், அந்நிறுவனத்தின் சொந்த ரிங் டாக் அமைப்பும் உண்டு. அந்த உயரத்தில் கிடைப்பது கூடுதல் நுட்பம்தான். ஸ்பீக்கரும் அறையும் அதற்குத் தகுதியாக இல்லாவிட்டால் வித்தியாசம் காதுக்கு எட்டாது.

டாக் சிப்பைப் பற்றி ஒரே ஒரு தகவல். 2020 அக்டோபரில் ஜப்பானின் நோபியோகாவில் டாக் சிப் தயாரிக்கும் ஏகேஎம் நிறுவனத்தின் தொழிற்சாலை எரிந்தபோது, அதன் சிப்பை நம்பியிருந்த பல நிறுவனங்கள் வேறு சிப்புக்கு மாறின. நல்ல அனலாக் பகுதி வடிவமைக்கத் தெரிந்தவர்களின் கருவிகள் அதனால் மட்டமாகிவிடவில்லை.

ஒப்பிட்டுக் கேட்கும் முறை

சத்தம் சமமாக இல்லாவிட்டால் ஒப்பீடே செல்லாது. சிடி பிளேயரின் வழக்கமான வெளியீடு 2 வோல்ட். ஒன்று 2.0, இன்னொன்று 2.3 வோல்ட் தந்தால் இரண்டாவது 1.2 டெசிபல் கூடுதல் சத்தம். அதைக் காது 'சத்தம்' என்று சொல்லாது, 'தெளிவு' என்று சொல்லும். சாதாரண ஆர்சிஏ இணைப்புக்குப் பதிலாக வரும் மூன்று முனை எக்ஸ்எல்ஆர் வெளியீட்டில் பொதுவாக 4 வோல்ட், அதாவது 6 டெசிபல் கூடுதல். ஆர்சிஏவை விட எக்ஸ்எல்ஆர் பிரமாதம் என்று வியப்பவர்களில் பாதிப் பேர் இந்த 6 டெசிபலைத்தான் கேட்கிறார்கள்.

400 ஹெர்ட்ஸ் சைன் அலையை மைனஸ் 20 டெசிபலில் ஒரு சிடி-ஆரில் எழுதிக்கொள்ளுங்கள். ஆம்பிளிஃபையர் ஓடும்போது மல்ட்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து ஸ்பீக்கர் முனைகளில் அளந்து எழுதுங்கள். பிளேயரை மாற்றி, வால்யூமை நகர்த்தி, அதே எண்ணுக்குக் கொண்டுவாருங்கள். ஒரு சதவீதத்துக்குள் வந்தால் வித்தியாசம் 0.1 டெசிபலுக்கும் குறைவு. 1 கிலோஹெர்ட்ஸ் அலை வேண்டாம், மலிவான மீட்டர்கள் அந்த அதிர்வெண்ணில் பொய் சொல்லும். முனைகளைத் தொடும் ஊசிகள் ஒன்றோடொன்று உரசிவிடாமல் பாருங்கள், ஆம்பிளிஃபையர் போய்விடும். பிறகு அதே பாட்டின் அதே முப்பது நொடியை மாறி மாறிக் கேளுங்கள். மாற்றுவது வேறொருவராக இருந்து, எது எது என்று உங்களுக்குத் தெரியாமல் இருந்தால் முடிவை நம்பலாம். களைப்பைச் சோதிக்க மட்டும் முழு ஆல்பம் தேவை.

பிளேயரின் வெளியீட்டு இம்பிடன்ஸையும் (மின் எதிர்ப்பு) பாருங்கள். 200 ஓமுக்குள் இருந்தால் கவலையில்லை. வால்வ் வெளியீடுள்ள சிலவற்றில் அது ஆயிரங்களில் போகும். அப்போது நீளமான கேபிளும், 10 கிலோஓம் உள்ளீடுள்ள ஆம்பிளிஃபையரும் சேர்ந்தால் உச்ச ஒலி மழுங்கும்.

பழையது வாங்கினால்

முதல் டிராக்கிலேயே தடுமாறினால் சுழல் மோட்டாரைச் சந்தேகியுங்கள், உள்விளிம்பில்தான் அது வேகமாகச் சுற்ற வேண்டும். கடைசி டிராக்குகளில் மட்டும் தாவினால் லென்ஸ் நகரும் தண்டவாளத்தில் கிரீஸ் இறுகியிருக்கலாம், அல்லது சிடி வளைந்திருக்கலாம். வேறு சிடி போட்டால் இரண்டில் எது என்று தெரிந்துவிடும். அச்சான சிடி ஓடி, சிடி-ஆர் மட்டும் மறுத்தால் லேசர் பலவீனமாகிறது. அழித்து மீண்டும் எழுதும் சிடி-ஆர்டபிள்யூ ஓடாததைக் குறையாக எண்ண வேண்டாம். அதன் பிரதிபலிப்பு அச்சான சிடியில் பாதிகூட இல்லை, பழைய பிளேயர்களில் பலவற்றுக்கு அது படிக்கவே வராது. ட்ரே பாதியில் நின்று திரும்பினால் பெரும்பாலும் ரப்பர் பெல்ட் தளர்ந்திருக்கும். மலிவான வேலை அது, அதற்காக ஒரு நல்ல பிளேயரை வேண்டாமென்று விடாதீர்கள்.

லென்ஸைச் சுத்தம் செய்ய, மின்சாரத்தைப் பிடுங்கிவிட்டு, பஞ்சுக் குச்சியில் ஐசோப்ரோபைல் ஆல்கஹால் ஒரு துளி தொட்டு, அழுத்தாமல் சுழற்றித் துடைத்தால் போதும். லென்ஸ் மெல்லிய சுருள்களில் தொங்குகிறது, கொஞ்சம் அழுத்தினாலும் இடம் மாறிவிடும். ப்ரஷ் வைத்த கிளீனர் சிடிக்களை உயர்தர மெக்கானிசத்துக்குள் விடாதீர்கள். சிடியைத் துடைக்கும்போது மையத்திலிருந்து விளிம்புக்கு நேர்கோட்டில் துடையுங்கள். வட்டமாகத் துடைத்தால் விழும் கீறல் தடத்தோடு சேர்ந்து ஓடி, பிழைத்திருத்தத்தின் எல்லையைத் தாண்டும். பெயர் அச்சான பக்கத்தை இன்னும் கவனமாகக் கையாளுங்கள். பளபளப்பான பக்கத்தில் 1.2 மில்லிமீட்டர் பாலிகார்பனேட் காவல் இருக்கிறது, மேல்பக்கத்தில் வெறும் வார்னிஷும் மையும்தான். அங்கே விழும் கீறல் பிரதிபலிப்புப் படலத்தையே பெயர்க்கும், அதை எந்தக் கடையிலும் மெருகேற்றிச் சரிசெய்ய முடியாது.

பழைய பிளேயர் பார்சலில் வரப்போகிறது என்றால், மெக்கானிசத்தைப் பூட்டும் போக்குவரத்துத் திருகு அடியில் உண்டா என்று விற்பவரிடம் கேட்டு, அதை முடுக்கி அனுப்பச் சொல்லுங்கள். வந்து சேர்ந்ததும் முதல் வேலையாக அதைத் தளர்த்துங்கள். பூட்டிய நிலையில் சிடி போட்டால் ஸ்பிரிங் மிதவை வேலை செய்யாது, நல்ல பிளேயரும் அதிர்வுக்கெல்லாம் தாவும்.